உட்கார ஓர் இடம்

ஒரு கவிதையை எவ்வாறு வாசிப்பது என்று சொல்லித்தர நமக்கு ஆசிரியர்கள் பலர் உண்டு. ஒரு கட்டடத்தை எவ்வாறு வாசிப்பது என்று சொல்லித்தருவோர் மிகச் சிலரே. ஆயினும் கட்டடமும் ஒரு நூல்தான். அதன் வாயில் யாரை வரவேற்கிறது, யாரைத் தயங்க வைக்கிறது, உள்ளே சென்றவரை எந்தப் பக்கம் நடத்திச் செல்கிறது, எங்கே நிற்க விடுகிறது என்பவையெல்லாம் அந்நூலின் வரிகள். நம் காலத்தில் மிகுதியாக வாசிக்கப்பட்டும் மிகக் குறைவாகவே திறனாய்வு செய்யப்பட்ட நூல் ஒன்று உண்டு. ஷாப்பிங் மால் என்று நாம் அழைக்கும் வணிக வளாகமே அது. இக்கட்டுரை அதனை வாசித்துப் பார்க்கும் ஒரு சிறு முயற்சி.

எந்தத் திறனாய்வுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது மிக எளிய அளவுகோல்: காசு கொடுத்து எதையும் வாங்காத ஒருவர் இங்கே உட்கார முடியுமா? இக்கேள்வி சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட் 1970களில் நியூயார்க் நகரத்துச் சதுக்கங்களை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து ஆராய்ந்தபோது, மக்கள் ஓரிடத்தை விரும்பிக் கூடுவதற்கு அதன் அழகையும் அளவையும்விட அங்கே உட்கார இடம் இருப்பதே முதற்காரணம் என்று கண்டார். நிற்பவர் வழிப்போக்கர், உட்கார்ந்தவர் அவ்விடத்தைச் சேர்ந்தவர். ஓர் ஊர் தன் மக்களில் யாரைத் தன்னவர் என்று கருதுகிறது என்பதை அதன் இருக்கைகள் சொல்லிவிடுகின்றன.

இரு பாக்கங்களுக்கு நடுவே

அங்காடியைப் பற்றிப் பேசத் தமிழர்க்கு அயலார் துணை வேண்டியதில்லை. மதுரைக் காஞ்சி பகற்கடைத் தெருவாகிய நாளங்காடியையும் இரவுக் கடைத்தெருவாகிய அல்லங்காடியையும் விரிவாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரமோ இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறது. அந்நகருக்கு இரு பகுதிகள். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரும் உப்பு விற்போரும் நெசவாளரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருங்குடியினரும் வாழ்ந்தனர். நாளங்காடி இவ்விரண்டிற்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் அமைந்திருந்தது. உழைக்கும் ஊரும் ஆளும் ஊரும் சந்திக்கும் நடுநிலமாக அங்காடியை இளங்கோவடிகள் நிறுத்தியிருக்கிறார். அதற்கு மதில் இருந்ததாக அவர் சொல்லவில்லை; மர நிழலையே சொல்கிறார்.

வடசென்னையில் வாழ்வோருக்கு இந்த மருவூர்ப்பாக்கம் அந்நியமான ஊராகத் தோன்றாது. நம் வண்ணாரப்பேட்டையே துணியால் பிறந்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி இக்கரையில் கோட்டை கட்டியதற்கு முதன்மையான காரணம் இந்நிலத்தின் பருத்தித் துணி. நெய்த துணியைக் கப்பலேற்றும் முன் வெளுத்துத் தரும் தொழிலாளர் குடியமர்ந்த இடமே அவர்தம் பெயரைப் பெற்றது. சற்று வடக்கே, 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்காக அமைத்த காலெட் பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. உலகச் சந்தைக்குத் துணி அனுப்பிய மக்கள் தமக்கென வைத்துக்கொண்ட கடைத்தெருதான் பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை. கிறிஸ்துமசுக்கும் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் திருமணத்துக்கும் இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் குடும்பங்கள் துணியெடுக்க வருவது இங்கேதான். விலை பேசுவதும், மடித்து வைத்ததை விரித்துக் காட்டச் சொல்வதும், வாங்காமல் அடுத்த கடைக்குப் போவதும் இத்தெருவில் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

கூரை வந்தது, பிறகு கதவு வந்தது

திறந்த தெருவின்மேல் கூரை போட்டது வணிகக் கட்டடக் கலையின் முதல் பெரும் மாற்றம். இதற்குப் புகழ்பெற்ற சான்று இத்தாலியின் மிலான் நகரில் 1867இல் திறக்கப்பட்ட இரண்டாம் விக்டர் இம்மானுவேல் அரங்கம். ஜியுசெப்பே மெங்கோனி என்ற கட்டடக் கலைஞர் அதனைச் சிலுவை வடிவில் அமைத்தார். நான்கு கைகளும் சந்திக்கும் நடுவில் கண்ணாடிக் குவிமாடம். அதன் ஒரு முனை மறைமாவட்டப் பேராலயத்தின் சதுக்கத்தில் திறக்கிறது. மறுமுனை ஸ்காலா இசையரங்கத்தின் சதுக்கத்தில் திறக்கிறது. ஆலயத்தின் தரைப்படத்தை வணிகம் கடன் வாங்கியது என்று இதனைக் கண்டு வருந்துவோர் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலாவும் 1883இல் வெளிவந்த தம் நாவலொன்றில் பாரிஸ் நகரத்துப் பெருங்கடையைப் பேராலயத்தோடு ஒப்பிட்டார். அன்றுமுதல் மால்களை நுகர்வின் கோயில்கள் என்று கண்டிப்பது மேடைப் பேச்சின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

எனக்கு அந்தக் கண்டனத்தில் நிறைவில்லை. மிலான் அரங்கத்தின் வடிவத்தைவிட அதன் வாயில்களே கவனத்திற்குரியவை. அதன் நான்கு முனைகளும் கதவின்றித் தெருவை நோக்கித் திறந்திருக்கின்றன. பேராலயத்திலிருந்து இசையரங்கத்துக்குச் செல்லும் ஏழை அதனூடே நடந்து போகலாம். அது கூரை பெற்ற தெரு. கூரை வந்ததால் தெரு தன் இயல்பை இழந்துவிடவில்லை.

சென்னையிலும் அத்தகைய கட்டடம் ஒன்று இருந்தது. பிராட்வே பகுதியில் நெருக்கியடித்து வணிகம் செய்த தெரு வியாபாரிகளுக்காக, நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூரின் பெயரால் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் அது. செங்கல் வளைவுகளும் நடுவே திறந்த முற்றமும் கொண்ட அக்கட்டடத்தில் பழைய புத்தகமும் கிராமபோன் இசைத்தட்டும் கூண்டுப் பறவையும் ஒரே கூரையின்கீழ் விற்கப்பட்டன. வாங்க வசதியில்லாத மாணவர் கடையோரமாக நின்று பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்த கதைகளை முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1985 மே மாதத்தில் தீ அதனை விழுங்கிற்று. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். அந்நிலத்தில் எழுந்த புறநகர் இரயில் நிலையத்தில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1983இல், மவுண்ட் ரோட்டில் இருந்த ஸ்பென்சர் கட்டடமும் தீக்கிரையாயிற்று. ஆங்கிலேயர் காலத்துச் சீமான்களின் கடையாக 1890களில் எழுந்த கட்டடம் அது. அவ்விடத்தில் 1990களில் கட்டங்கட்டமாக உருவான ஸ்பென்சர் பிளாசா இந்தியாவின் முதல் மால்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இவ்வாறு இரண்டாண்டு இடைவெளியில் மக்களின் அங்காடி ஒன்றும் சீமான்களின் அங்காடி ஒன்றும் எரிந்தன. மறுபிறவி எடுத்தது சீமான்களின் அங்காடியே. சென்னையின் மால் வரலாறு இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

தந்தை கைவிட்ட பிள்ளை

இன்று நாம் காணும் மாலின் தந்தை விக்டர் குரூயன். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதரான இவர், நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடியவர். காரில் மட்டுமே நடமாடிய அமெரிக்கப் புறநகர் மக்களின் தனிமை அவரை உறுத்தியது. தாம் இழந்த வியன்னாவின் சதுக்கத்தையும் காப்பிக் கடையையும் அவர்களுக்குத் தர விரும்பினார். மின்னசோட்டா மாநிலத்தின் எடைனாவில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல் வளாகம் அந்த விருப்பத்தின் கனி. முழுவதும் மூடப்பட்டு, உறைபனிக் காலத்திலும் கோடையிலும் ஒரே இதமான வெப்பநிலை காக்கப்பட்ட முதல் மால் அதுவே. நடுவே மரங்களும் சிற்பங்களும் பறவைக்கூண்டும் உட்கார இருக்கைகளும் கொண்ட பெரிய முற்றம் இருந்தது. அதனைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் அமைய வேண்டும் என்பது அவர் தீட்டிய முழுத் திட்டம்.

கட்டப்பட்டது மால் மட்டுமே. சுற்றி விரிந்தது வாகன நிறுத்தம். இலாபம் தரும் பகுதியை எடுத்துக்கொண்டு மற்றவற்றை வணிகர் விட்டுவிட்டனர். மாலுக்குள் நுழைந்தவர் தாம் வாங்க வந்ததை மறந்து, கண்ணில் படுவதையெல்லாம் விரும்பி அலையத் தொடங்கும் மனநிலைக்குப் பிற்காலத்தார் குரூயனின் பெயரையே சூட்டினர். நகரும் படிக்கட்டில் ஏறியவர் அடுத்த தளத்துக்கு ஏற மறுமுனைவரை நடக்க வேண்டியிருப்பதும், பொழுது போவதை உணர்த்தும் சன்னலும் கடிகாரமும் அரிதாயிருப்பதும் இம்மனநிலையை வளர்க்கும் உத்திகள். உட்கார்ந்திருப்பவர் வாங்குவதில்லை, ஆகவே இருக்கைகள் படிப்படியாகக் குறைந்தன. முதுமையில் வியன்னாவுக்கே திரும்பிய குரூயன், அந்நகரின் தெற்கே 1976இல் ஒரு பெரிய மால் எழுவதையும் காண நேர்ந்தது. 1978இல் இலண்டனில் ஆற்றிய உரையில், இவை தம் பிள்ளைகள் அல்ல என்று வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். இரண்டாண்டுகளில் மறைந்தும் போனார். அவர் கட்ட நினைத்தது மக்கள் கூடும் முற்றம். கடைகள் அதன் செலவைத் தாங்கும் தூண்கள். பின்வந்தவர்கள் தூண்களை வைத்துக்கொண்டு முற்றத்தைக் கைவிட்டார்கள்.

சென்னையின் கண்ணாடி முற்றங்கள்

நம் நகரில் 2009இல் அமைந்தகரையில் ஸ்கைவாக், 2010இல் இராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ், அதே ஆண்டில் வடபழனியில் விஜயா மால், 2018இல் அண்ணா நகரில் வி.ஆர். மால் என இவை வரிசையாக எழுந்தன. எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கும் நிலத்தில் முன்னொரு காலத்தில் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரிய மதராஸ் கிளப் இருந்தது. அன்று தோலின் நிறம் பார்த்து நிறுத்திய வாயிலில் இன்று எவரையும் அவ்வாறு நிறுத்துவதில்லை. இது மெய்யான முன்னேற்றம். அதனை மறுப்பது நேர்மையாகாது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைவரை மெட்ரோ இரயில் வந்தபின் நம் இளைஞர்கள் வண்டி மாறாமலே அண்ணா சாலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து அந்த மால் தொலைவில்லை.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்பது ஆன்மீக மேய்ப்பருக்கும் திறனாய்வாளருக்கும் பொதுவான கடமை. ஒற்றை அறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்துப் பெண்ணுக்கு, வெயிலும் புழுதியும் லாரி இரைச்சலும் இல்லாத இரண்டு மணி நேரம் சிறிய பேறன்று. அங்கே தூய்மையான கழிப்பறை உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மின்தூக்கி உண்டு. இருட்டிய பின்னும் அச்சமின்றித் தோழியரோடு நடக்க வெளிச்சம் உண்டு. இவற்றில் எதனையும் எம்.சி. சாலை அவர்களுக்குக் கொடுத்ததில்லை. பண்டிகைக் காலத்தில் கைக்குழந்தையோடு நாள் முழுதும் துணியெடுக்கும் தாய் அத்தெருவில் எங்கே அமர்ந்து பாலூட்டுவாள்? நடைபாதையே கிடைக்காத தெருவில் இருக்கையை எங்கே தேடுவது? பழைய அங்காடியைப் போற்றி, புதியதைத் தூற்றிவிட்டுப் போகும் எழுத்து இந்தத் தாயை மறந்துவிடுகிறது. பொதுத்தெருவுக்கு நாம் கொடுக்கத் தவறியவற்றை மூலதனமாகக் கொண்டுதான் மால் தன் வாடிக்கையாளரைப் பெறுகிறது.

ஆயினும் அங்கே கிடைப்பது விருந்தினர் நிலை. உரிமையாளர் நிலை அன்று. மாலின் நாற்காலிகளில் பெரும்பாலானவை உணவுக் கூடத்தில் இருக்கின்றன. தட்டு காலியானபின் அங்கே நீண்ட நேரம் இருப்பதற்கு நமக்கே கூச்சம் வந்துவிடும். வாயிலில் பைகளைச் சோதிக்கும் காவலர் யாரையும் தடுக்காமலும் இருக்கலாம். ஆனால் மீன் கூடையோடு வரும் காசிமேட்டுத் தாய் அந்தக் கண்ணாடிக் கதவைக் கண்ட அளவிலேயே திரும்பிவிடுவார். தடை அவர் உள்ளத்தில் எழும்படி வாயில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்புப் பலகை எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

இந்த விருந்தினர் நிலையின் எல்லை எது என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் தெளிவாக்கின. போர்ட்லந்து நகரின் லாயிட் சென்டர் மாலில் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் தொடர்ந்த வழக்கில், தனியார் மாலுக்குள் அத்தகைய உரிமையை நாட்டின் அரசியல் சட்டம் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. 1980இல் கலிபோர்னிய மாணவர்கள் தொடர்ந்த இன்னொரு வழக்கில், ஒரு மாநிலம் விரும்பினால் தன் சட்டத்தின்வழி அவ்வுரிமையைத் தரலாம் என்று அதே மன்றம் ஏற்றது. இதற்கு நேர் மாறான காட்சியை நம் பகுதியின் வரலாற்றிலேயே காணலாம். 1949 செப்டம்பரில் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூடிய மக்கள்முன் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அக்கட்சியை ஏற்போரும் ஏற்காதோரும் இவ்வளவை ஒப்புக்கொள்ளலாம்: ஒரு மாநிலத்தின் போக்கை மாற்றிய கூட்டத்துக்குத் தொழிலாளர் பகுதியின் பொதுப்பூங்கா இடம் தந்தது. எந்த மாலின் குளிரூட்டிய முற்றமும் அதற்கு இடம் தந்திராது.

நிற்பவர்கள்

நம் அளவுகோலை இன்னொரு பக்கம் திருப்ப வேண்டும். வாங்க வருபவர் உட்காரலாமா என்று கேட்டோம், விற்பவர் உட்காரலாமா? தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைத் தொழிலாளர் வாழ்வை 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டியபோதுதான், நமக்குத் துணி விரித்துக் காட்டும் கைகளுக்குரியவரின் கால்களைப் பலர் நினைத்துப் பார்த்தோம். கேரளத்தில் துணிக்கடைப் பெண் தொழிலாளர் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக, 2018இல் அம்மாநிலம் பணியாளருக்கு இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடைகளிலும் பணியாளருக்கு இருக்கை வசதி வேண்டும் என்று விதித்தது. மனிதர் உட்காரலாம் என்று சொல்ல ஒரு சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

எங்கள் பங்கிலிருந்து மால்களுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் உண்டு. மற்றவர்க்கு ஓய்வான ஞாயிறே அவர்களுக்கு மிகக் கடினமான நாள். ஞாயிறு திருப்பலியை இழந்து, வாரநாள் மாலையில் கால் வீங்கி வந்து கடைசி வரிசையில் அமரும் அவர்களைக் காணும்போது, ஆலயத்தின் மர இருக்கைக்கு நான் படித்த இறையியல் நூல்கள் சொல்லாத ஒரு பொருள் உண்டு என்று உணர்கிறேன். அங்கே உட்காருவதற்கு அவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆலயத்தையும் மாலையும் ஒப்பிட விரும்புவோர் குவிமாடத்தையும் தூண்களையும் விட்டுவிட்டு, இந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆனால் அந்த ஒப்பீடு நம்மையும் கேள்வி கேட்கும். திருப்பலி முடிந்தவுடன் பூட்டப்படும் ஆலய வளாகங்கள் நம்மிடையே இல்லையா? நண்பகல் வெயிலில் வழியே போகும் கூலித் தொழிலாளி நம் முற்றத்து வேம்பின் நிழலில் அரைமணி நேரம் உட்கார வாயிற்காவலர் விடுகிறாரா?

நகர அமைப்பைப் பொறுத்தவரை வழி தெரியாமல் இல்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் வாகன இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் அமைத்தபோது, கடைத்தெரு கடைத்தெருவாகவே இருந்துகொண்டு மக்கள் அமரும் இடமாகவும் ஆக முடியும் என்பது தெரிந்தது. 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், நடைபாதையில் அமர்ந்து விற்பவரையும் நகரத்தின் குடிமக்களாக ஏற்று அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. தமிழக அரசு 2023இல் ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய திட்டங்களில் நம் பகுதிக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் உரிமை பொதுநிலையினருக்கு உண்டு. நம் பிள்ளைகள் ஒருவேளை மால் வேண்டும் என்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், மாலில் நீங்கள் விரும்புவது எதை என்று கேட்டுப் பாருங்கள். நிழல், கழிப்பறை, குடிநீர், வெளிச்சம், பயமின்மை, உட்கார ஓர் இடம் என்று அவர்கள் சொல்லும் பட்டியலை அப்படியே எழுதி, எம்.சி. சாலைக்கும் ஜி.ஏ. சாலைக்கும் இவை வேண்டும் என்று மாநகராட்சிக்கு அனுப்பலாம். அன்பியக் கூட்டமொன்றில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால் போதும். மருவூர்ப்பாக்கத்து மக்கள் கேட்பது மாளிகை அன்று. பொருள் வாங்கிக் களைத்தவரும் வாங்க இயலாது களைத்தவரும் ஒரே மர நிழலில் சற்றே அமர ஒரு திண்ணை.